வாஷருக்கு எது மேல்பக்கம்?

பழைய போல்ட், நட்டு, ஆணி எல்லாம் போட்டுவைத்த டப்பா ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அதிலிருந்து ஒரு தட்டை வாஷரை எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். இப்போது அதன் வெளி விளிம்பை நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நகம் வழுக்கிக்கொண்டு போகும். திருப்பிப் போட்டுத் தடவினால் மறுபக்கம் நகத்தைப் பிடிக்கும். ஒரு பக்க விளிம்பு மழுங்கல், மறுபக்க விளிம்பு கூர். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிற பொருளுக்கு ஏன் இந்த வித்தியாசம்? அதைத்தான் இன்று நிதானமாகப் பேசப்போகிறோம். வாஷர் அடிக்கிற தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

இந்தத் தொழில் நமக்குத் தூரத்தில் நடப்பதும் அல்ல. 1958இல் கிண்டி தொழிற்பேட்டை திறக்கப்பட்ட காலத்திலிருந்து சென்னையின் தென்பகுதி சின்னச் சின்ன உலோகப் பட்டறைகளின் ஊர். அனகாபுத்தூர் தாண்டித் திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டைக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரு பிரஸ் ஷாப். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் போகிற சாலையிலும், ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர் வரைக்கும் இதே கதைதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதும், மறைமலை நகரில் ஃபோர்டு 2022 வரை கார் கட்டியதும் இந்தப் பட்டறைகளுக்கு வேலை கொடுத்தன. ஒரு காரில் இணைப்புகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு போல்ட், ஒரு கிளிப், ஒரு ரிவெட், ஒரு வாஷர் என்று ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் மிகவும் எளியது வாஷர். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

பூரிக்கு மாவை அகலமாகத் திரட்டிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து அழுத்தி வட்டம் வட்டமாக எடுப்போம் அல்லவா? பிரஸ் ஷாப்பில் நடப்பதும் மேலோட்டமாக அதுதான். திரட்டிய மாவின் இடத்தில் எஃகுத் தகடு. அதைக் குறுகலான நீளப் பட்டையாக வெட்டி வைத்திருப்பார்கள். அதற்கு ஸ்ட்ரிப் என்று பெயர். பெரிய ஆலைகளில் அதுவே சுருளாக வரும், அது காயில். டம்ளரின் இடத்தில் பஞ்ச் என்கிற கடினமான எஃகுத் தண்டு. வட்டங்கள் எடுத்தபின் மிஞ்சும் ஓட்டை ஓட்டையான மாவுதான் ஸ்கிராப். நம் மாவை மறுபடி உருட்டிக்கொள்ளலாம். எஃகை மறுபடி உருட்ட முடியாது. அது உருக்காலைக்குத்தான் போகவேண்டும்.

அந்த ஸ்கிராப் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான வாஷரின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர், துளை 10.5, கனம் 2. இரண்டு வட்டங்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் பாலம், இரண்டு ஓரத்திலும் அவ்வளவே விளிம்பு என்று வைத்து ஒற்றை வரிசையில் அடித்தால், ஸ்ட்ரிப்பில் வாஷராக மாறுவது நூற்றுக்கு 43 பங்கு. மீதி 57 பங்கு தராசில் ஏறி ஸ்கிராப் வியாபாரியிடம் போகிறது. நடுத் துளையிலிருந்து விழும் வில்லையும் இதில் சேர்த்திதான். வட்டங்களைத் தேன்கூட்டு வரிசையில் நெருக்கி, பல வரிசையாக அடித்தால் 54 வரைக்கும் ஏற்றலாம். வாஷர் தயாரிப்பில் லாபம் இருப்பது இந்த வரிசை அமைப்பில்தான். கார்க் கதவும் பானெட்டும் அடிக்கிற பெரிய ஆலைகளில் மிஞ்சும் துண்டுத் தகடுகளைச் சின்னப் பட்டறைகள் எடை போட்டு வாங்கிவந்து, அவற்றில் வாஷர் அடிப்பதும் இதனால்தான். ஒரு காரின் ஜன்னல் ஓட்டை இன்னொரு பொருளுக்கு மூலப்பொருள் ஆகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இங்கே ஒரே தப்பெண்ணம்: பிரஸ் தகட்டை வெட்டுகிறது என்று. கத்தி காயை அறுப்பதுபோல் பஞ்ச் எஃகை அறுத்துக்கொண்டு கீழே போகிறது என்றுதான் நினைக்கிறோம். நான் சொன்ன பூரி உதாரணமும் அந்த நினைப்பைத்தான் வளர்க்கும். ஆகவே அந்த உதாரணம் எங்கே உதவாமல் போகிறது என்றும் பார்த்துவிடுவோம். டம்ளரின் விளிம்பு மெல்லியது. மாவுக்கு அடியில் பலகை இருக்கிறது. விளிம்பு மாவைப் பிளந்துகொண்டு பலகையைத் தொடும்போது வேலை முடிகிறது. பிரஸ்ஸில் பஞ்சின் முகம் தட்டை. தகட்டுக்கு அடியில் பலகை கிடையாது. அங்கே பஞ்சைவிடச் சற்றுப் பெரிய ஓட்டையுள்ள கட்டை இருக்கிறது. அதற்கு டை என்று பெயர். பஞ்ச் மேலிருந்து தள்ளுகிறது. டையின் வாய் கீழே வெறுமையாக இருக்கிறது. நடுவில் சிக்கிய தகடு என்ன செய்யும்?

முதலில் வளைந்து கொடுக்கும். பஞ்ச் அழுத்துகிற இடத்தைச் சுற்றி மேற்பரப்பு உள்வாங்கி விளிம்பு மழுங்கும். பிறகு உலோகம் தாக்குப்பிடிக்க முடியாமல் நழுவத் தொடங்கும். பஞ்ச் தகட்டுக்குள் இறங்கும். அப்போது பஞ்சின் பக்கவாட்டில் உராய்ந்த இடம் பளபளவென்று ஆகும். மைல்டு ஸ்டீல் என்கிற சாதாரண எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம் வரைக்கும்தான் இந்த இறக்கம். அதற்குள் பஞ்சின் கூர் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசலும், டையின் கூர் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசலும் கிளம்பிவிடும். இரண்டும் வழியில் சந்திக்கும். சந்தித்த கணத்தில் தகடு முறிந்துவிடும். மிச்ச மூன்றில் இரண்டு பங்கை யாரும் வெட்டவில்லை, அது தானாக முறிந்தது. முறிகிற இடத்தில் கடைசியாக இழுபட்டுக் கிழிந்த ஓரம்தான் பிசிறு.

இதைத் தெரிந்துகொண்டு உங்கள் வாஷரின் ஓரத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஓரத்தில் மழுங்கல், அடுத்து ஒரு பளபளப்பான பட்டை, அதற்குப் பிறகு சொரசொரப்பாக, நிறம் மங்கிய ஒரு பட்டை, முடிவில் கூரான பிசிறு. வளைந்தது, நழுவியது, முறிந்தது, கிழிந்தது என்று நடந்த வரிசையிலேயே நான்கும் அடுக்கப்பட்டிருக்கும். அறுவைக் கத்தியால் எடுத்த பொருளில் இப்படி ஒரு அடுக்கு வராது.

முறிவுதான் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்விக்கு விடை எளிதாகிவிடும். பஞ்சும் டையும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தவேண்டும்? வெட்டு என்று நினைப்பவர், எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சுத்தம் என்பார். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மை வேறு. மேலிருந்து ஒரு விரிசல், கீழிருந்து ஒரு விரிசல். இரண்டும் சற்றுச் சாய்வாக ஓடுகின்றன. ஒன்றையொன்று நேராகச் சந்திக்க வேண்டுமென்றால் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி இருந்தாகவேண்டும். இதைத் தொழிலில் கிளியரன்ஸ் என்கிறார்கள். மைல்டு ஸ்டீலுக்குத் தகட்டின் கனத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 5 முதல் 10 சதவீதம். 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்.

அதைக் குறைத்தால் விரிசல்கள் ஒன்றையொன்று தவறவிட்டு ஓடும். நடுவில் நின்றுபோன உலோகத்தை இரண்டாம் தடவை கிழிக்க வேண்டிவரும்; அழுத்தம் கூடும், பஞ்ச் சீக்கிரம் தேயும். அதிகமாக்கினால் தகடு முறிவதற்கு முன் ரொம்பவே வளைந்து, டைக்குள் இழுபட்டு, பெரிய பிசிறோடு வாஷர் குழிந்து வரும். ஆகவே, டூல் என்கிற இந்தப் பஞ்ச்-டை ஜோடியைச் செய்கிற நல்ல டூல் மேக்கரின் திறமை இந்த மெல்லிய இடைவெளியைச் சுற்றிலும் ஒரே அளவாக வைப்பதில் இருக்கிறது. ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் வாஷரின் பிசிறும் ஒரு பக்கம் கனமாக, ஒரு பக்கம் மெலிதாக இருக்கும். அனுபவசாலிகள் வாஷரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டூல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இடைவெளி வைத்தோம். அப்படியானால் வாஷரின் அளவு யாருடைய அளவு? பஞ்சின் அளவா, டையின் அளவா? இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கீழே விழுகிற வில்லை டையின் வாய் வழியாகப் பளபளத்துக்கொண்டு போகிறது. அதனால் வில்லை டையின் அளவை எடுத்துக்கொள்ளும். தகட்டில் மிஞ்சுகிற துளை பஞ்சை உரசி நின்றது; அதனால் துளை பஞ்சின் அளவை எடுத்துக்கொள்ளும். வாஷரில் இரண்டும் உண்டு: வெளிவட்டம் கீழே விழுகிற வில்லை, உள்வட்டம் ஒரு துளை. ஆகவே 0.12 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பதானால், வெளிவட்டத்துக்கு டையைச் சரியாக 20க்குக் கடைந்து, பஞ்சை 19.76 ஆகக் குறைக்கவேண்டும். துளைக்குப் பஞ்சைச் சரியாக 10.5க்குக் கடைந்து, டையை 10.74 ஆகப் பெருக்கவேண்டும். இந்த விதியை மாற்றிப் போட்டதால் ஓ.எச்.என்.எஸ்., எச்.சி.எச்.சி.ஆர். என்று விலை கொடுத்து வாங்கிய டூல் ஸ்டீல் கட்டை வீணான கதை எல்லா டூல் ரூமிலும் ஒன்று இருக்கும்.

பிசிறு எந்தப் பக்கம் வரும் என்பதும் இதே வழியில் தெரிந்துவிடும். விரிசல்கள் சந்திக்கும்போது கீழே விழுகிற வில்லையில் பிசிறு மேல்பக்கம், பஞ்சைத் தொட்ட பக்கம். துளையில் பிசிறு கீழ்ப்பக்கம், டையைத் தொட்ட பக்கம். ஒரே ஸ்ட்ரிப் முதல் இடத்தில் துளை வாங்கி, ஒரு எட்டு நகர்ந்து, அடுத்த இடத்தில் வெளிவட்டமாக விழுகிற டூலுக்குப் புரோகிரஸிவ் டூல் என்று பெயர். அதில் இரண்டு பஞ்சும் மேலிருந்துதான் வருகின்றன. எனவே துளையின் பிசிறு ஒரு பக்கமும் வெளிவட்டத்தின் பிசிறு எதிர்ப்பக்கமும் அமையும். துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே அடியில், எதிரெதிர்த் திசையில் எடுக்கிற காம்பவுண்ட் டூலில் இரண்டு பிசிறும் ஒரே பக்கம். தட்டையாகவும், துளை நடு மையத்தில் பிசகாமலும் வருவது காம்பவுண்ட் டூலில். வேகம் புரோகிரஸிவில். உங்கள் கையில் இருக்கும் வாஷரின் வெளி விளிம்பையும் துளை விளிம்பையும் தனித்தனியே தடவிப் பார்த்தால், அது எந்த வகை டூலில் பிறந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம். கல்லோடு சேர்த்து டிரம்மில் உருட்டிப் பிசிறு எடுத்த வாஷரில் மட்டும் இது எளிதில் பிடிபடாது.

விளிம்பு முழுவதும் பளபளப்பாக வரவேண்டிய பாகங்களும் உண்டு. கார் சீட்டைச் சாய்க்கிற பல்சக்கரம் அப்படிப்பட்டது. அதற்குத் தகட்டைச் சுற்றிலும் ஒரு கூரிய வளையத்தால் கவ்வி, கீழிருந்தும் எதிர் அழுத்தம் கொடுத்து, முறிவே வராமல் நழுவவைத்தே எடுப்பார்கள். ஃபைன் பிளாங்கிங் என்கிற இந்த முறைக்கு 1923இல் ஃபிரிட்ஸ் ஷீஸ் காப்புரிமை பெற்றார். செலவு அதிகம். வாஷருக்கு அது வேண்டாம்.

இப்போது பலத்தைப் பார்ப்போம். நம் வாஷரின் வெளி, உள் சுற்றளவுகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட 96 மில்லிமீட்டர். கனம் 2. முறியவேண்டிய பரப்பு சுமார் 192 சதுர மில்லிமீட்டர். மைல்டு ஸ்டீலை இப்படி நழுவவைத்து முறிக்க ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 32 கிலோ வேண்டும் என்று வைத்தால், மொத்தம் ஆறு டன். மூன்றரை கிராம் எடையுள்ள, கிலோவுக்கு 280 நிற்கிற ஒரு வாஷருக்கு ஆறு டன். ஆனால் இந்த ஆறு டன் வேலை செய்கிற தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே மொத்த ஆற்றல் மிகச் சொற்பம். தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறி ஒரு விநாடியில் செலவழிக்கிற மின்சாரத்துக்கும் குறைவு. பெரிய பலம், சின்ன வேலை, கண் இமைக்கும் நேரம். இதனால்தான் பவர் பிரஸ்ஸின் பக்கத்தில் அவ்வளவு பெரிய ஃபிளைவீல் சுற்றுகிறது. சின்ன மோட்டார் அதை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடி விழுகிற கணத்தில் சக்கரம் தன்னிடம் சேர்ந்த ஆற்றலில் கொஞ்சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த அடிக்குள் இழந்ததை மீட்டுக்கொள்கிறது.

பட்டறைத் தெருவில் கேட்கிற அந்த 'டக்' சத்தமும் முறிவின் சத்தம்தான். ஆறு டன்னைத் தாங்கும்போது பிரஸ்ஸின் இரும்பு உடம்பு மயிரிழை அளவு விரிந்து நிற்கிறது. தகடு திடீரென்று முறிந்ததும் எதிர்த்து நின்ற பலம் ஒரே கணத்தில் காணாமல் போகிறது. விரிந்திருந்த உடம்பு படீரென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. உலோகத்தை மெல்ல அறுப்பதாக இருந்திருந்தால் இந்தச் சத்தம் எழாது. சத்தத்தின் குணம் மாறினாலோ, பிசிறு கையைக் கிழிக்கிற அளவு வளர்ந்தாலோ, பஞ்சின் விளிம்பு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். டூலைக் கழற்றி சர்ஃபேஸ் கிரைண்டரில் தீட்டி மறுபடி ஏற்றுவார்கள்.

போல்ட்டையும் இப்படித்தான் அடிக்கிறார்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதன் வழி வேறு. லேத்தில் பெரிய கம்பியைக் கடைந்து கடைந்து தலையை விட்டுவிடுவார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். கடையவும் முடியும், ஆனால் கம்பியில் பெரும்பகுதி சுருள் சுருளாகக் குப்பைக்குப் போய்விடும். ஆலைகளில் செய்வது கோல்டு ஹெடிங். பதமாக்கிய கம்பியைத் துண்டாக்கி, டைக்குள் நிறுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சூடு காட்டாமலே ஓங்கி அடிக்கிறார்கள். நுனி நசுங்கிப் பரந்து தலை ஆகிறது. நீட்டியிருக்கும் பகுதி கம்பி விட்டத்தைப் போல் இரண்டேகால் மடங்குக்குள் இருந்தால் ஒரே அடியில் ஒழுங்காக உட்காரும். மிஞ்சினால் வளைந்து மடியும், எனவே இரண்டு மூன்று அடியாகப் பிரிப்பார்கள். மரையையும் வெட்டுவதில்லை. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் தண்டை எடுத்து, மரை வடிவம் பொறித்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உருட்டுவார்கள். பள்ளத்திலிருந்து நெருக்கப்பட்ட உலோகம் மேடாக எழும்பி 10 ஆகிறது. உலோகத்தின் இழை எங்கும் அறுபடாமல் மேடு பள்ளத்தோடு வளைந்து போவதால், மீண்டும் மீண்டும் அதிர்வு வாங்குகிற இடங்களில் உருட்டிய மரை வெட்டிய மரையைவிட நீண்டநாள் உழைக்கும். சென்னையில் இந்தத் தொழிலைப் பெரிய அளவில் கொண்டுவந்தது டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்; 1966இல் பாடியில் உற்பத்தி தொடங்கியது. அதே நிறுவனம் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்து, அவர்களுடைய சிறந்த சப்ளையர் விருதைத் தொடர்ந்து பெற்றது. போல்ட் அடிக்கக் கற்றுக்கொண்ட ஊர், தகட்டு வேலையிலும் உலகத் தரத்தைத் தொட்டது அப்படித்தான்.

இந்த இரண்டும், போல்ட்டும் வாஷரும், சேர்கிற இடத்துக்கு வருவோம். வலிமை எண்ணாக 8.8 என்று தலையில் பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட்டைச் சரியாக முடுக்கினால் அது உள்ளுக்குள் சுமார் இரண்டரை டன் இழுவையில் நிற்கிறது. இழுத்துக் கட்டிய அந்த நிலைதான் இணைப்பைப் பிடித்துவைக்கிறது. தலைக்கு அடியில் வைத்த வாஷர் மென்மையான தகட்டில் அடித்ததாக இருந்தால், நாளாவட்டத்தில் தலை அதற்குள் அமிழும். அமிழ்வது கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் போல்ட்டின் நீட்சியும் அதே அளவு சின்னது என்பதால் இழுவை பாதியாகிவிடலாம். அப்புறம் மெக்கானிக், 'போல்ட் லூஸாயிடுச்சு சார்' என்பார். போல்ட் சுழன்று கழன்றிருக்காது, வாஷர் கொடுத்திருக்கும். இதனால்தான் தரநிலைகள் வாஷருக்கும் விக்கர்ஸ் என்கிற அளவில் கடினம் வகுக்கின்றன: 8.8 வரைக்கும் 200 விக்கர்ஸ் வகை, 10.9 போல்ட்டுக்கு 300 விக்கர்ஸ் வகை. குழாய் கிளாம்ப்புக்கும் ஜன்னல் கம்பிக்கும் கிலோ கணக்கில் வாங்குகிற வாஷர் போதும். வண்டிச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் அது போதாது. அங்கே காசு பார்க்கக் கூடாது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கும் இங்கேயே விடை. பெயின்ட் அடித்த பரப்பிலோ அலுமினியத்திலோ வாஷர் வைக்கும்போது மழுங்கிய விளிம்பு அந்தப் பரப்பைப் பார்க்கட்டும். கூர்ப்பக்கம் கீழே போனால் பெயின்ட்டைக் கீறும். கீறிய இடத்தில் துரு ஏறும். தாம்பரத்துக் கிணற்றுத் தண்ணீரும் கடற்காற்றின் ஈரமும் அதற்குக் காத்துக்கொண்டிருக்கின்றன.

முறிவைப் பற்றி இவ்வளவு பேசியபின் விரல்களைப் பற்றிப் பேசாமல் எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மில்லிமீட்டர் எஃகை இமைப்பொழுதில் முறிக்கிற இயந்திரத்துக்கு விரல் எலும்பு ஒரு தடையே இல்லை. பழைய பவர் பிரஸ்களில் கீ கிளட்ச் என்கிற பூட்டு இருக்கும். பெடலை மிதித்ததும் சக்கரமும் தண்டும் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் ஒரு முழுச் சுற்று முடியும் வரைக்கும் யாராலும் நிறுத்த முடியாது. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் சரி, சுவிட்சை அணைத்தாலும் சரி, இறங்கத் தொடங்கிய பஞ்ச் இறங்கியே தீரும். வாஷர் டைக்குள் ஒட்டிக்கொண்டது என்று பதற்றத்தில் கையை நீட்டுவதும், கால் தானாகப் பெடலில் பதிவதும் ஒரே விநாடிக்குள் நடந்துவிடுகிறது.

இதற்கான மருந்து புதிதல்ல. நியூமேட்டிக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸை இறங்கும் வழியில் நிறுத்தமுடியும். இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் என்று வைத்தால் கை உள்ளே இருக்க வாய்ப்பில்லை. ஒளித்திரை வைத்தால் கை குறுக்கே வந்ததும் இயந்திரம் நின்றுவிடும். பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு ஒளித்திரை உதவாது, ஏனென்றால் அதை நடுவழியில் நிறுத்தவே முடியாது. அதற்கு விரல் நுழையாத இடுக்குள்ள கம்பித் தடுப்புதான் வழி. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளைத் தடுப்புக்குள் வைக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் சொன்னது. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 சதவீதம், நடுவிரலுக்கு 12 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று விரல் விரலாகக் கணக்கு எழுதியிருந்தது. அந்த அட்டவணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சில பட்டறைகளில் இரண்டு பொத்தானில் ஒன்றைக் குச்சி செருகியோ டேப் ஒட்டியோ நிரந்தரமாக அழுத்திவைத்து, ஒரு கையால் வேகமாக அடிக்கிற பழக்கம் இருக்கிறது. ஆபரேட்டரின் சோம்பேறித்தனம் என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும்போது, ஒவ்வொரு நொடியும் காசாகும்போது, குச்சியைச் செருகச் சொல்லி யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஐ.டி.ஐ. முடித்து வந்த பையனும், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கிற தம்பியும் வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணத்தை நினைத்துக்கொண்டுதான் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திருமுடிவாக்கத்திலோ ஒரகடத்திலோ பிரஸ் ஷாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் நீங்களே போய் நின்று, ஒரு பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள். பஞ்ச் இறங்கினால் அன்றைக்கு அந்த இயந்திரத்தை ஓட்டவேண்டாம். கீ கிளட்ச் பிரஸ் என்றால் டூலுக்கு முன்னால் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரஸ்ஸில் உட்கார்பவர்களுக்குப் பீஸ் கணக்கை விட்டுவிட்டு நாள் சம்பளம் கொடுங்கள்.